சென்னையில் வரைந்த ஒரு வரைபடம்
பேராசிரியர் ஜி.என். இராமச்சந்திரன் வாழ்க்கைக் குறிப்பு

வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை ஒரு தடவையாவது ருசி பார்க்காமல் நம் கல்லூரியில் படித்து முடித்துப் போனவர் யாரும் இருக்க மாட்டார்கள். அரிசி, உளுந்து, நெய், மிளகு, சீரகம், சுக்கு. அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் உயிர் வேதியியல் பாடத்தில் முதல் மாதமே சொல்லித் தருகிற நான்கு பெரிய வகுப்புகளும் அந்த ஒரு துண்டு இட்லிக்குள் அடங்கி இருக்கின்றன. அரிசியில் இருப்பது மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட். நெய் கொழுப்பு வகை. உளுந்தில் புரதம் நிறைய. நாலாவது நியூக்ளிக் அமிலம். அது நாக்குக்குத் தெரியாது. ஆனாலும் உளுந்தின் ஒவ்வொரு செல்லிலும் உளுந்து எப்படி முளைக்க வேண்டும் என்ற குறிப்பைச் சுமந்துகொண்டு அது இருக்கத்தான் செய்கிறது.

இந்த நாலில் கொழுப்பு ஒன்றுதான் நீண்ட சங்கிலி ஆகாதது. மற்ற மூன்றும் சின்னச் சின்ன உறுப்புகளைக் கோத்த மாலைகள். மாவுச்சத்து குளுக்கோஸைக் கோத்த மாலை. புரதம் இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. நியூக்ளிக் அமிலம் நான்கே எழுத்துகளைக் கோத்த மாலை. இதில் வேடிக்கை என்னவென்றால், எதைக் கோத்திருக்கிறது என்பது மட்டும் முக்கியமில்லை. எப்படித் திரும்பி, எப்படி மடிந்து கோத்திருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். அதே குளுக்கோஸை ஒரு மாதிரி இணைத்தால் நாம் சாப்பிடும் சோறு. இன்னொரு மாதிரி இணைத்தால் நாம் கட்டும் பருத்தி வேட்டி. வேட்டியைத் தின்று பசியாற முடியாது!

புரதத்திலும் இதே கதைதான். நம் ஊர் அம்மனுக்குச் சாத்துகிற பட்டு ஒரு புரதம். அந்தச் சன்னதியில் வாசிக்கிற தவிலின் தோலும் முக்கியமாக ஒரு புரதம். ஒன்று ஃபைப்ராயின், இன்னொன்று கொலாஜன். இரண்டிலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் ஏராளம். பிறகு ஏன் ஒன்று வழவழவென்று மடிகிறது, மற்றது இறுக்கிக் கட்டினால் அடியைத் தாங்கி நாதம் தருகிறது? சங்கிலி எடுத்துக்கொண்ட வடிவம் வேறு. அந்த வடிவத்துக்கு என்ன சட்டம் என்று கேட்டு, விடையையும் கண்டுபிடித்தவர் நம் ஊரிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி, சென்னைக் கிண்டியில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு இயற்பியல் பேராசிரியர். அவருடைய கதையை இந்த மலரில் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஏனென்றால் அவர் பெயரைத் தாங்கிய படத்தை வருஷா வருஷம் பரீட்சையில் வரைகிற நம் பிள்ளைகளில் பலருக்கு, அது எங்கே வரையப்பட்டது என்பதே தெரியாது.

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பிறகு முதல்வராகவும் இருந்தவர். வீட்டிலேயே கணக்கு இருந்ததால் பிள்ளைக்கும் கணக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது. பட்டப்படிப்புக்குத் திருச்சி தூய வளனார் கல்லூரிக்கு வந்தார். இயற்பியல் ஆனர்ஸ். 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தபோது அவர் எடுத்தது மின்பொறியியல்! அந்த நாளிலும் பெற்றோருக்கு என்ஜினீயரிங் மேல் ஒரு கண் இருந்திருக்கும் போல. ஆனால் அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சர் சி.வி. ராமன். பையனின் புத்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அவர் கண்டுகொண்டு தம் துறைக்கே இழுத்துக்கொண்டார். படிகங்கள், ஒளி, எக்ஸ்-கதிர் என்று ராமனிடம் பயின்று 1947இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

அதே 1947இல் கேம்பிரிட்ஜ் போனார். புகழ்பெற்ற கேவண்டிஷ் ஆய்வுக்கூடம். எக்ஸ்-கதிரை ஒரு படிகத்தின் மேல் விழச் செய்து, அது சிதறி விழும் புள்ளிகளைக் கொண்டு உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கணக்குப் போடும் கலையை உருவாக்கிய பிராக் அப்போது அதன் தலைவர். இரண்டு ஆண்டில் பிஎச்.டி. முடித்து 1949இல் பெங்களூர் திரும்பினார். கேம்பிரிட்ஜில் இருந்தபோது அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கைச் சந்தித்தது அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. புரதச் சங்கிலி சுருள் படிக்கட்டு மாதிரி வளையும் என்று 1951இல் காட்டி ஆல்ஃபா சுருளை உலகுக்குச் சொன்னவர் இந்தப் பாலிங்தான்.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அப்போது இயற்பியல் துறைக்கு ஒரு தலைவரைத் தேடிக்கொண்டிருந்தார். முதலில் ராமனையே கேட்டார். ராமன் தாம் வராமல் தம் மாணவர் பெயரைச் சொன்னார். 1952இல் ஜி.என்.ஆர். சென்னைக்கு வந்து துறைத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது வயது முப்பதுதான். துறையைப் புதிதாக அமைக்க வேண்டிய நிலை. கருவிகள் ஒவ்வொன்றாகத்தான் சேர்ந்தன. வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களோடு ஒப்பிட்டால் கையில் இருந்தது சொற்பம்.

அந்தச் சமயத்தில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். எந்த மூலக்கூறை எடுத்து ஆராயலாம் என்ற பேச்சு வந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, வந்திருக்கிற மாதிரிகள் எதுவும் திருப்தியாக இல்லை என்று அவர் குறிப்பிட்டார். ஜி.என்.ஆர். அதைப் பிடித்துக்கொண்டார். கொலாஜன் என்பது லேசுப்பட்ட ஆசாமி இல்லை. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு என்று எல்லா இடத்திலும் அதுதான். நம் உடம்பில் உள்ள மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கு மேல் அது ஒன்றே. பாலிங்கும் அதற்கு ஒரு மாதிரி வெளியிட்டிருந்தார். அது பொருந்தி வரவில்லை.

பொருளுக்கு எங்கே போவது? பக்கத்திலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாண்தான் நல்ல எக்ஸ்-கதிர்ப் படம் கொடுத்தது. ஆஸ்திரேலியக் கங்காருவின் வால், கிண்டியில் ஒரு கருவி, கூடவே கோபிநாத் கர்த்தா என்ற திறமைசாலி இளைஞர். மூலதனம் இவ்வளவுதான்.

கணக்கில் ஒரு துப்பு கிடைத்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கிளைசின். அது தற்செயலாக இருக்க முடியாது, சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின்தான் வர வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். 1954இல் இராமச்சந்திரனும் கர்த்தாவும் நேச்சர் இதழில் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். கொலாஜன் ஒரு சங்கிலி இல்லை. பக்கம் பக்கமாக நிற்கிற மூன்று சங்கிலிகள். 1955இல் அதைத் திருத்தி இன்னொரு கட்டுரை: மூன்றும் சும்மா நிற்கவில்லை, ஒன்றை ஒன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன.

முறுக்கு என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கமாக முறுக்கிய இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் நூல் பிரியாமல் நிற்கும் என்பது நூல் முறுக்குகிற வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். கொலாஜனும் அதையேதான் செய்கிறது. ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கமாகச் சுருள்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. மூன்றும் கூடும் நடுவில் இடமே கிடையாது. அந்த நெருக்கடியில் நுழையக்கூடியது பக்கக்கிளை என்று ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை வைத்திருக்கும் கிளைசின் மட்டும்தான். அதனால்தான் மூன்றுக்கு ஒன்று கிளைசின். அந்த இடத்தில் மரபுக் கோளாறால் வேறொரு பெரிய அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தால் முறுக்கு கெட்டுவிடும். பிறவியிலேயே எலும்பு பொசுக்கென்று முறிகிற நோய் பல குழந்தைகளுக்கு வருவது இப்படித்தான் என்று பிற்காலத்தில் தெரிந்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

1955லேயே கேம்பிரிட்ஜிலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் கொலாஜன் பற்றி எழுதினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் வாட்சனோடு சேர்ந்து டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன அதே கிரிக். மூன்று சங்கிலி முறுக்கு என்ற அடிப்படை அவர்கள் மாதிரியிலும் இருந்தது. ஆனால் சென்னை மாதிரியில் குறை உண்டு என்றார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று இராமச்சந்திரன் போட்டிருந்தார். ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. இரண்டு பிணைப்புக்காகச் சங்கிலிகளை நெருக்கினால் சில அணுக்கள் அளவுக்கு மீறி ஒட்டி வருகின்றன, அது நடக்காத காரியம் என்பது அவர்கள் எழுப்பிய ஆட்சேபம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் உலகமே திரும்பிப் பார்க்கிற கேம்பிரிட்ஜ். இன்னொரு பக்கம் கிண்டி. நம்மில் யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்று செய்திருப்போம்: மனம் உடைந்து விட்டுவிடுவோம், அல்லது வெள்ளைக்காரன் நம்மை மட்டம் தட்டுகிறான் என்று காலம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருப்போம். அவருக்கும் வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் அந்த ஆட்சேபத்தையே ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டார். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்றால், அந்த அளவு எவ்வளவு? அதை யார் அளந்தார்கள்?

பார்த்தால் யாரும் ஒழுங்காக அளந்து தொகுத்து வைக்கவில்லை. அவரும் அவர் மாணவர் வி. சசிசேகரனும் அதுவரை உலகத்தில் வெளியான படிக அமைப்புகளைத் தேடி எடுத்து, பிணைப்பு இல்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருக்கத்தில் வந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள். கார்பனுக்கும் கார்பனுக்கும் இவ்வளவு, கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இவ்வளவு என்று. சாதாரணமாக வரும் எல்லை ஒன்று, அபூர்வமாக வரும் கடைசி எல்லை இன்னொன்று. பொதுவாக நினைத்துக்கொண்டிருந்ததைவிட அணுக்கள் கொஞ்சம் கூடுதலாகவே நெருங்கி வருகின்றன என்று தெரிந்தது.

கையில் இப்படி ஓர் அளவுகோல் கிடைத்ததும் அவர் கொலாஜனோடு நிற்கவில்லை. எந்தப் புரதச் சங்கிலியும் எப்படியெல்லாம் மடங்கலாம் என்று கேட்டார். சங்கிலியை ஒட்டியாணம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தட்டையான தகடுகள், ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மூட்டு. அந்த மூட்டு ஒரு கார்பன் அணு. அதன் இரு பக்கமும் தகடுகள் சுழலலாம். ஒரு பக்கச் சுழற்சிக்கு ஃபை என்றும் மறுபக்கச் சுழற்சிக்கு சை என்றும் பெயர். இந்த இரண்டு கோணமும் தெரிந்தால் அந்த மூட்டில் சங்கிலியின் போக்குத் தெரிந்துவிடும். ஃபையைக் கிடைக்கோட்டிலும் சையைச் செங்குத்துக் கோட்டிலும் போட்டு, ஒவ்வொரு கோண ஜோடிக்கும் எந்த அணு எந்த அணுவை இடிக்கிறது என்று சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து கணக்குப் போட்டார். இன்றைக்கு மாதிரி மேஜைக்கு மேஜை கம்ப்யூட்டர் இருந்த காலம் இல்லை. பொறுமைதான் கம்ப்யூட்டர்.

இடிக்காத இடத்தை மட்டும் கோடு போட்டுக் காட்டியபோது, கட்டத்தில் பெரும்பகுதி ஆகாத இடமாகக் காலியாகக் கிடந்தது. சாதாரண அமினோ அமிலத்துக்குக் கடைசி எல்லை வரை தாராளமாக விட்டாலும் அனுமதி உள்ள இடம் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இடப்பக்கம் மேலே ஒரு தீவு, இடப்பக்கம் கீழே ஒரு தீவு, வலப்பக்கம் ஒரு சின்னத் திட்டு. பாலிங்கின் ஆல்ஃபா சுருள் கீழே உள்ள தீவில் உட்கார்ந்தது. கொலாஜன் மேலே உள்ள தீவில். நம் காஞ்சிப் பட்டின் ஃபைப்ராயின், நீட்டி அடுக்கிய தாள் போன்ற அமைப்பு உடையது; அதுவும் அதே மேல் தீவில், கொலாஜனுக்குக் கொஞ்சம் தள்ளி. பட்டும் தவில் தோலும் ஒரே ஊரில் இரண்டு தெருவில் குடியிருக்கிற மாதிரி! 1963இல் மாலிக்யுலர் பயாலஜி ஆய்விதழில் மூவர் பெயரிலும் வந்த இந்தப் படத்தைத்தான் உலகம் இராமச்சந்திரன் வரைபடம் என்று சொல்கிறது.

அதற்குள் கெண்ட்ரூவும் பெரூட்ஸும் எக்ஸ்-கதிரால் முழுப் புரதங்களின் அமைப்பைப் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அடுத்தடுத்து வந்த புரதங்களின் கோணங்களை இந்தக் கட்டத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், கூட்டம் கூட்டமாகச் சென்னையில் போட்ட கோட்டுக்குள்ளேயே விழுந்தன. இன்றைக்கு உலகப் புரதக் களஞ்சியத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. புதிதாக ஓர் அமைப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது சரியா என்று சோதிக்கும் அறிக்கையில் இராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே எத்தனை புள்ளி விழுகிறது என்பதும் ஒரு முக்கியக் கணக்கு. செயற்கை நுண்ணறிவால் புரத வடிவத்தை முன்கூட்டிச் சொன்னதற்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததே, அந்தக் கணினி சொல்கிற வடிவங்களையும் இதே கட்டத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

கொலாஜன் வழக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்று சங்கிலி முறுக்கும், மூன்றுக்கு ஒரு கிளைசினும் நிலைத்துவிட்டன. ஹைட்ரஜன் பிணைப்பு விஷயத்தில் கேம்பிரிட்ஜ்காரர்கள் சொன்ன ஒன்றுதான் சரி என்று 1994இல் வெளியான நுட்பமான படிக ஆய்வு காட்டியது. ஆக, அந்த ஒரு புள்ளியில் அவர் தோற்றார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தோல்வியைத் தேடிப் போன வழியில் கிடைத்த வரைபடம், கொலாஜனைவிடப் பெரிய சொத்தாகிவிட்டது.

சென்னையில் அவர் துறை ஒரு பெரிய பள்ளியாக வளர்ந்தது. புரதத்துக்குப் போட்ட இதே மாதிரிக் கணக்கை வி.எஸ்.ஆர். ராவ் போன்றவர்கள் மாவுச்சத்துச் சங்கிலிக்கும் போட்டார்கள். சசிசேகரன் பின்னாளில் நியூக்ளிக் அமிலத்துக்குக் கொண்டுபோனார். மாலை மாதிரிக் கோத்த மூன்று வகுப்பையும் கிண்டியிலிருந்து கிளம்பிய ஒரே சிந்தனை தொட்டுவிட்டது. 1963இலும் 1967இலும் சென்னையில் நடந்த சர்வதேசக் கருத்தரங்குகளுக்கு வெளிநாட்டு விஞ்ஞானிகள் இங்கே தேடி வந்தார்கள். 1961இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிடைத்தது.

இலட்சுமணசாமி முதலியார் 1969இல் துணைவேந்தர் பதவியிலிருந்து விலகியபின் ஜி.என்.ஆரும் சென்னையை விட்டார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம். 1971இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அதே 1971இல் ஏ.வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதை மறுபடி உருவாக்குவதற்கு ஒரு சுருக்கமான கணக்கு முறையைக் கொடுத்தார். ஆஸ்பத்திரிகளில் சி.டி. ஸ்கேன் படம் உருவாவதற்கு அந்த வழிக் கணக்கு பெரிதும் பயன்பட்டது. 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். பிற்காலத்தில் தர்க்க சாஸ்திரத்தைக் கணித முறையில் எழுதுவதில் இறங்கினார்.

கடைசி ஆண்டுகள் சுகமாக இல்லை. பக்கவாதம், பார்க்கின்சன் நோய். 1945இல் கைப்பிடித்த மனைவி ராஜலட்சுமி 1998இல் காலமானது பெரிய இடி. 1999இல் உலகப் படிகவியல் சங்கம் எவால்ட் பரிசைக் கொடுத்துக் கௌரவித்தது. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 78.

அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லையே என்று நம் ஆட்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஆதங்கப்படுவார்கள். எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் இப்போது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. நம் ஊரில் சேலை நீளம் குறைகிறது என்று யாராவது சொன்னால், அனுபவப்பட்ட நெசவாளி சண்டைக்குப் போக மாட்டார். சேலையை விரித்து அளந்து காட்டுவார். குறைந்தால் ஒத்துக்கொள்வார், சரியாக இருந்தால் பேச்சு முடிந்தது. அணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன என்று சொன்னபோது இராமச்சந்திரன் செய்ததும் அதுதான். அடுத்த முறை பரீட்சையில் அந்தக் கட்டத்தை வரைந்து மூன்று தீவையும் குறிக்கும்போது, அது நம் ஊர் பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடக்கூடிய இடத்தில், குறை சொன்னவர்களுக்குப் பதிலாக ஒருவர் அளந்து போட்ட கோடு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணோடு கொஞ்சம் தைரியமும் சேர்ந்து கிடைக்கும்.